இரண்டாம் ஈடு மாவு மட்டும் ஏன் புளித்தது?

என் வீட்டுக்காரர் போனபின் கடன்தான் மிஞ்சியது. 61 வயதில் யார் வேலை தருவார்கள்? வீட்டு கிரைண்டரை வைத்தே இட்லி மாவு விற்க ஆரம்பித்தேன்.

மே மாதம் சிக்கல் வந்தது. காலையில் வாங்கிய மாவு மாலைக்குள் புளித்துவிட்டது என்று நாலு வீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். வெந்தயத்தைக் குறைத்தேன். அரிசியை மாற்றினேன். உப்பைச் சேர்க்காமல் கொடுத்துப் பார்த்தேன். பத்து நாள் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன், திரும்பி வந்ததெல்லாம் இரண்டாவது ஈட்டு மாவு. முதல் ஈட்டில் ஒரு புகாரும் இல்லை. அரிசி, உளுந்து, தண்ணீர் எல்லாம் ஒன்றுதானே? அரைத்து முடித்ததும் கையை விட்டுப் பார்த்தேன். மாவு வெதுவெதுப்பாக இருந்தது! முதல் ஈடு அரைத்ததில் கல் சூடேறியிருக்கிறது. அந்தச் சூட்டிலேயே அடுத்த ஈட்டைப் போட்டிருக்கிறேன்.

இப்போது இரண்டு ஈட்டுக்கும் நடுவே கல்லைக் கழுவி, முக்கால் மணி நேரம் ஆறவிடுகிறேன். உளுந்தை ஃபிரிட்ஜில் வைத்து ஊறவைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்கிறேன். அரைத்த கையோடு பாக்கெட் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மூன்று வாரமாக ஒரு பாக்கெட்கூடத் திரும்பவில்லை.