டைமிங் லைட் சரின்னு காட்டுது, ஆனா இன்ஜின் நாக் அடிக்குது: என் அனுபவம்

நம்ம டர்பன் பக்கம் இன்னும் நிறைய ஓடுற நிசான் 1400 பக்கிதான் (சின்ன பிக்கப்) வண்டி. கிராங்க் புல்லி (இன்ஜின் முன்னாடி கிராங்க் ஷாஃப்டோட சுத்துற சக்கரம்) விளிம்பு உடைஞ்சதால வெளி கம்பெனி புல்லி மாட்டினேன், அதுல இருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏத்தத்துல லோடோட போனாலே நாக் (இன்ஜினுக்குள்ள டக்டக்னு தட்டுற சத்தம்) அடிக்குது, இன்ஜின் சூடா இருந்தா ஸ்டார்ட்டர் திணறித் திணறி சுத்துது. 95 பெட்ரோல்தான் போடுறேன், ஸ்பார்க் வர்ற நேரத்தைக் காட்டுற டைமிங் லைட்லயும் புல்லி மார்க் கரெக்டா நிக்குது. பாயிண்ட், கண்டென்சர், பிளக்னு ஸ்பார்க் சம்பந்தப்பட்டது எல்லாம் மாத்தியாச்சு, ஒண்ணும் நடக்கல.

அப்புறம்தான் மார்க் மேலயே சந்தேகம் வந்துச்சு. பேட்டரி வயர் கழட்டி, பிளக் எல்லாம் எடுத்துட்டு, பீங்கானை உடைச்செடுத்த பழைய பிளக்குல ஒரு போல்ட்டை இறுக்கி 1ம் நம்பர் சிலிண்டர்ல மாட்டி, ஸ்பானர் போட்டு மெதுவா சுத்தினா பிஸ்டன் முட்டி நிக்கும், டைமிங் கவர் முனைக்கு நேரா புல்லில ஒரு கோடு, எதிர்ப்பக்கம் சுத்தி முட்டுற இடத்துல இன்னொரு கோடு, ரெண்டுக்கும் நட்டநடுவுலதான் நிஜ டாப் டெட் சென்டர், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம். புல்லில வெட்டியிருந்த மார்க் அதுல இருந்து 9 மி.மீ. தள்ளி இருக்கு! 13 செ.மீ. விட்டமுள்ள புல்லில 1 டிகிரிங்கிறது 1.1 மி.மீ. சொச்சம்தான், அப்போ சுமார் 8 டிகிரி கூடுதல் அட்வான்ஸ்ல, அதாவது ஸ்பார்க் அவ்வளவு சீக்கிரமா வந்து ஓடியிருக்கு.

சரியான இடத்துல வெள்ளை பெயிண்ட் வெச்சு ஸ்பார்க்கைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி செட் பண்ணதும் நாக் சுத்தமா போச்சு, அப்பாடா. பழைய புல்லியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, புல்லியை ஷாஃப்ட்ல பிடிச்சு வெக்கிற கீ (சின்ன இரும்புத் துண்டு) உக்கார்ற வெட்டுல இருந்து மார்க் எவ்வளவு தள்ளி இருக்குன்னு புதுசோட வெச்சுப் பார்த்துட்டு மாட்டுங்க.