மாடித்தோட்டத்துக்கு மீன் அமிலம்

காசிமேட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ மீன் வாங்கும்போது தலை, செதில், குடலையும் கேட்டு வாங்கி வாருங்கள். அதை வெல்லத்தோடு புளிக்கவைத்து எடுக்கும் நீர் உரம்தான் மீன் அமிலம். மாடித்தோட்டத்துக்கு அதைவிட மலிவான தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைப்பது கஷ்டம்.

ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம். கருத்துப்போன மட்ட வெல்லமே போதும். தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம்; சேர்த்தால் அழுகிவிடும். வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டையும் பிசைந்து, கால்வாசி இடம் விட்டு மூடி, நிழலில் வையுங்கள். சென்னை வெயிலுக்கு உள்ளே வாயு சேரும், அதனால் அவ்வப்போது மூடியைத் தளர்த்திவிட வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். பூனை உள்ள தெரு என்றால் மூடி மேல் ஒரு செங்கல்!

மூன்று நான்கு வாரத்தில் தேன் பதத்தில் பழுப்பு நீர் பிரியும். மீன் நாற்றம் போய்ப் புளித்த பழவாடை வந்தால் சரி, வடிகட்டலாம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அளவு மிஞ்சினால் இலை கருகும். வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். கீரை, வெண்டை, கத்தரி நன்றாகத் தழைக்கும். அடியுரமாகத் தொழு உரமோ மண்புழு உரமோ எப்படியும் வேண்டும். அப்புறம், பூக்கத் தொடங்கிய செடிக்கு இதைக் குறைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் மண்டும், காய் வராது.