ஷேக் டேபிள நாமளே செஞ்சு கட்டடத்தையும் உள்ள இருக்கிற சாமானையும் ஆட்டிப் பாக்கிறது எப்படி

சிவில் படிக்கிற பசங்க நிறைய பேர் நிலநடுக்கம்னு ப்ராஜெக்ட் தலைப்பு எடுப்பாங்க, சாஃப்ட்வேர்ல ஒரு பில்டிங்க போட்டு ரன் பண்ணி, கலர் கலரா பிரிண்ட் எடுத்து பைண்டிங் பண்ணிக் குடுத்துட்டு போயிடுவாங்க. ஒரு ஃப்ரேம் கண்ணு முன்னாடி ஆடி ஒரு தடவ கூட பாத்திருக்க மாட்டாங்க. அப்படியே யாராவது ஒரு மாடல் செஞ்சு ஆட்டினாலும் வெறும் எலும்புக்கூட்டத்தான் ஆட்டுவாங்க, உள்ள பீரோ இருக்காது, ஃப்ரிட்ஜ் இருக்காது, மொட்ட மாடியில தண்ணி டேங்க் இருக்காது. எனக்கு இதுல ரொம்ப நாளா ஆதங்கம், அதனாலதான் இத எழுதறேன். ஷேக் டேபிள்னா நிலநடுக்கம் மாதிரி முன்னபின்ன ஆடற மேடை, மாடல அதுமேல வெச்சுதான் ஆட்டிப் பாப்போம்.

ஏன் சாமான் முக்கியம்னு கேட்டீங்கன்னா அமெரிக்காவுல ஆலிவ் வியூ ஆஸ்பத்திரி கதைய சொல்லணும். 1971ல சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்துல அப்ப புதுசா கட்டின ஆஸ்பத்திரி மோசமா சேதமாச்சு. அத இடிச்சுட்டு ரொம்ப பலமா இன்னொண்ணு கட்டினாங்க. 1994ல நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தப்போ அந்தப் புதுக் கட்டடம் நல்லாவே தாக்குப் பிடிச்சுது, ஆனா உள்ள ஸ்பிரிங்க்ளர் குழாயெல்லாம் ஒடைஞ்சு தண்ணி கொட்டி நோயாளிங்கள வெளியேத்த வேண்டியதாச்சு. கட்டடம் நிக்குது, ஆஸ்பத்திரி இல்ல. அதுவும் அடிபட்டவங்க ஓடி வர்ற நேரத்துல.

பெரிய லேபுங்க இப்ப கட்டடம், சாமான் ரெண்டையும் சேத்தேதான் பாக்கிறாங்க. ஜப்பான்ல ஹ்யோகோ மாகாணம் மிக்கி நகரத்துல இ-டிஃபென்ஸ்னு ஒண்ணு இருக்கு, 1995 கோபே நிலநடுக்கத்துக்கு அப்புறம் திட்டம் போட்டு 2005ல ஆரம்பிச்சது, டேபிளே 20 மீட்டருக்கு 15 மீட்டர், 1200 டன் தாங்கும். கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியோட சான் டியேகோ கிளையில திறந்தவெளியில ஒரு டேபிள் இருக்கு, 2012ல அங்க 5 மாடி கான்க்ரீட் கட்டடத்த லிஃப்ட், படிக்கட்டு, ஐசியு ரூம், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் வெச்சு ஆட்டினாங்க, 2023ல 10 மாடி மரக் கட்டடத்தையே ஆட்டினாங்க. நம்ம சென்னை தரமணியில எஸ்.இ.ஆர்.சி.ங்கற கட்டட ஆராய்ச்சி மையத்துலயும் ஷேக் டேபிள் இருக்கு. அதெல்லாம் நமக்கு சுலபமா கிடைக்காது, ஆனா அங்க செய்யற முறைய அப்படியே சின்ன அளவுல செய்யலாம்.

முதல்ல டேபிள். 18 மி.மீ. பிளைவுட்ல அடிப்பலகை ஒண்ணு, மேல் பலகை ஒண்ணு, நடுவுல டிராயருக்கு போடற பால் பேரிங் சேனல் ரெண்டு. சேனல படுக்க வெச்சு மாட்டாதீங்க, டிராயர்ல இருக்கிற மாதிரி பக்கவாட்டுல நிக்க வெச்சு மாட்டுங்க, அப்பதான் எடை தாங்கும். ரெண்டும் இம்மி பிசகாம இணையா இருக்கணும், கொஞ்சம் கோணலா இருந்தாலும் நடுவுல பிடிக்கும், அந்த பிடிப்பெல்லாம் உங்க ரீடிங்ல முள்ளு முள்ளா வந்து நிக்கும். மோட்டாருக்கு 12 வோல்ட் கியர் மோட்டார், 300 ஆர்பிஎம், டார்க், அதாவது சுத்தற விசை, 10 கிலோ சென்டிமீட்டர் இருந்தா போதும், கூட வேகத்த கூட்டிக் குறைக்க ஒரு பிடபிள்யூஎம் ஸ்பீட் கன்ட்ரோலர். 300 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 5 சுத்து, அதாவது 5 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஆட்டலாம்.

மோட்டார் சுத்தறத முன்னபின்ன ஆட்டமா மாத்த ஒரு தட்டு, அதுல மையத்துலேர்ந்து தள்ளி ஒரு பின், அதுலேர்ந்து டேபிளுக்கு ஒரு ராடு. பின் மையத்துலேர்ந்து எவ்ளோ தள்ளி இருக்கோ அதுதான் நடுவுலேர்ந்து ஒரு பக்கத்துக்கு டேபிளோட ஆட்டம். எங்களுக்கு 1, 2, 3, 5 மி.மீ. வேணும்னு ஒரே தட்டுல நாலு ஓட்டை போடப் பாத்தோம், ஒண்ணு மேல ஒண்ணு விழுது, முடியாது. லேத் பட்டறையில ஒவ்வொரு அளவுக்கும் தனித் தட்டு கடைஞ்சு வாங்கிக்குங்க. ராடு நீளமா இருக்கணும், 15 செ.மீ.க்கு கம்மி வேண்டாம், குட்டையா இருந்தா ஆட்டம் சுத்தமான சைன் அலையா வராது. ரெண்டு முனைக்கும் ராட் எண்ட் பேரிங் போடுங்க, சாதா போல்ட் போட்டா அரை மி.மீ. லூஸ் இருக்கும், 1 மி.மீ. ஆட்டத்துல அரை மி.மீ. லூஸுன்னா பாதி ஆட்டம் அங்கேயே போச்சு.

டேபிள் ரெடியானதும் மாடல தூக்கி வெச்சுடாதீங்க. காலி டேபிள ஓட்டி அளந்து பாருங்க. ஃபைபாக்ஸ்னு இலவச ஆப் இருக்கு, ஜெர்மனியில ஆகன் யுனிவர்சிட்டியில செஞ்சது, ஃபோன்ல இருக்கிற சென்சார வெச்சே முடுக்கத்த பதிவு பண்ணும். ஃபோன் கவர கழட்டிட்டு டபுள் டேப் போட்டு டேபிள்ல ஒட்டுங்க. கணக்கு இதுதான்: ரெண்டு பை-ய ஹெர்ட்ஸால பெருக்கி, வர்றத வர்க்கம் பண்ணி, ஆட்டத்தோட அளவால (மீட்டர்ல) பெருக்கணும். அத 9.81ஆல வகுத்தா ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்துல எவ்ளோ பங்குன்னு வரும். 3 மி.மீ. தட்டு போட்டு 1 ஹெர்ட்ஸ்ல ஓட்டினா 0.012 ஜி-தான் வரும், அதே தட்டு 3 ஹெர்ட்ஸ்ல 0.11 ஜி, ஒம்போது மடங்கு. இத புரிஞ்சுக்காம நிறைய பேர் "வேகம் கூட்டினேன், மாடல் விழுந்துடுச்சு, அதனால அதுதான் அதோட ஃப்ரீக்வன்சி"னு எழுதிடறாங்க. வேகம் கூட்டும்போது விசையும் கூடுது, ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத்தான் தட்ட மாத்தறோம். ஃபோன் காட்டறதும் கணக்கும் ஒத்துவர்ற வரைக்கும் அடுத்த வேலைக்கு போக வேண்டாம்.

இப்ப மாடல். 3 மாடி, ஒவ்வொரு மாடியும் 20 செ.மீ. உயரம், நிஜத்துல 3 மீட்டர்னா இது 15ல ஒரு பங்கு ஸ்கேல். தூணுக்கு 1.5 மி.மீ. அலுமினியம் ஷீட்ட 25 மி.மீ. பட்டையா வெட்டி நாலு பட்டை, மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே துண்டா. மெல்லிசான பக்கம் டேபிள் ஆடற திசையில வளையற மாதிரி வைக்கணும். தளத்துக்கு 12 மி.மீ. பிளைவுட், 30 செ.மீ.க்கு 25, அதுமேல எடை வெச்சு ஒவ்வொரு தளமும் சரியா 1.5 கிலோ வர்ற மாதிரி பண்ணுங்க. ஃபோன் எடையும் இதுல சேத்திதான், ஒரு தளத்துலேர்ந்து இன்னொரு தளத்துக்கு ஃபோன மாத்தும்போது எடுத்த இடத்துல அதே எடைக்கு ஒரு இரும்புத் துண்டு வைக்கணும், இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் வேற வேற பில்டிங்க ஆட்டிட்டு இருப்பீங்க.

தூண் தளத்துல சேர்ற இடத்துலதான் எல்லாம் இருக்கு. ரெண்டு பக்கமும் எல் ஆங்கிள் வெச்சு நடுவுல பட்டைய இறுக்கிப் பிடிக்கணும், ஒரு ஸ்க்ரூ மட்டும் போட்டா அது கீல் மாதிரி திரும்பும். எல்லாம் ஒழுங்கா இருந்தா கணக்குப்படி முதல் ஃப்ரீக்வன்சி, அதாவது தானா விட்டா மாடல் செகண்டுக்கு எத்தனை தடவ ஆடுதுங்கறது, 3.1 ஹெர்ட்ஸ் கிட்ட வரணும். நிஜத்துல கொஞ்சம் கம்மியாத்தான் வரும், ஜாயின்ட் முழுசா இறுகாது, மேல இருக்கிற எடையும் ஆடும்போது தூண இன்னும் சாய்க்கும். 2.9 வந்தா நல்ல வேலை. 2.3 வந்தா ஸ்க்ரூவ பாருங்க.

அந்த ஃப்ரீக்வன்சிய எப்படி அளக்கறதுன்னா, மேல் தளத்துல நூல் கட்டி 1 செ.மீ. இழுத்து நூல வெட்டி விடுங்க, தானா ஆடி அடங்கறத ஃபோன்ல பதிவு பண்ணுங்க. 10 ஆட்டத்துக்கு எத்தனை செகண்ட் ஆச்சுன்னு பாத்தா ஃப்ரீக்வன்சி. ஆட்டம் பாதியா குறைய எத்தனை சுத்து ஆச்சுன்னு எண்ணி, 0.11ஐ அதால வகுத்தா டேம்பிங், அதாவது ஆட்டம் எவ்ளோ சீக்கிரம் அடங்குதுங்கற அளவு. 5 சுத்துல பாதியாச்சுன்னா 2 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. இந்த நூல் டெஸ்ட்ட ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடியும் பின்னாடியும் செய்யுங்க. பெரிய லேப்லயும் இதத்தான் செய்வாங்க, ஒவ்வொரு பெரிய ஆட்டத்துக்கு நடுவுலயும் மெல்லிசா ஒரு அதிர்வு குடுத்து ஃப்ரீக்வன்சி குறைஞ்சிருக்கான்னு பாப்பாங்க, குறைஞ்சிருந்தா கண்ணுக்கு தெரியாம எங்கயோ விரிசல் விட்டிருக்குன்னு அர்த்தம்.

ஆட்டறப்போ எப்பவுமே 1 மி.மீ. தட்டுல ஆரம்பிங்க, ரொம்ப சின்னதா இருக்கேன்னு நினைக்காதீங்க. 3.1 ஹெர்ட்ஸ்ல அடியில வெறும் 0.04 ஜி-தான், ஆனா ரெசனன்ஸ்ல, அதாவது நாம ஆட்டற வேகமும் மாடலோட சொந்த ஃப்ரீக்வன்சியும் ஒண்ணாகிற இடத்துல, அப்படியே விட்டா டேம்பிங் 2 சதவீதம் இருக்கிற மாடலுக்கு மேல் தளம் 3 செ.மீ. ஆடும், அங்க 1 ஜி தாண்டிடும். 3 மி.மீ. தட்ட போட்டு அங்கேயே நிறுத்தினா தூண் நிரந்தரமா வளைஞ்சுடும். ஸ்பீட மெதுவா ஏத்தி ரெசனன்ஸ தாண்டிப் போங்க, அங்க நிக்காதீங்க. மோட்டார் சுவிட்ச் கைக்கு எட்டற தூரத்துல இருக்கணும், மாடலச் சுத்தி அக்ரிலிக் ஷீட் ஒண்ணு நிறுத்தி வைங்க, 1.5 கிலோ தளம் கால்ல விழுந்தா விளையாட்டு இல்ல.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி, சாமான் வைக்கிறது. 1.8 மீட்டர் உயரம், 45 செ.மீ. ஆழம் இருக்கிற பீரோ நம்ம ஸ்கேல்ல 12 செ.மீ. உயரம், 3 செ.மீ. ஆழம் மரக்கட்டை. ஆழத்த உயரத்தால வகுத்தா 0.25, அதாவது தளத்துல 0.25 ஜி தாண்டினாதான் அது அடி தூக்க ஆரம்பிக்கும். தூக்கினா விழுந்துடும்னு இல்ல, ஆடிட்டு திரும்ப உக்காரவும் செய்யும். 1963ல ஹவுஸ்னர்ங்கற அமெரிக்க நிலநடுக்கப் பொறியாளர் காட்டின விஷயம் இங்க முக்கியம், ஒரே வடிவத்துல பெரிய கட்டை சின்ன கட்டைய விட கஷ்டப்பட்டுத்தான் விழும். அதனால சின்ன மாடல்ல விழுந்தத வெச்சு வீட்டு பீரோவும் விழும்னு நேரடியா சொல்ல முடியாது, நேரத்தையும் ஸ்கேலோட வர்க்கமூலத்தால மாத்தணும். 15ஓட வர்க்கமூலம் 3.9, மாடல்ல 3.1 ஹெர்ட்ஸ்னா நிஜத்துல 0.8 ஹெர்ட்ஸ். இதுல இன்னொரு உண்மையும் தெரியும், நம்ம மாடல் பாக்க 3 மாடி, ஆடறது என்னவோ 12 மாடி கட்டடம் மாதிரி. ரிப்போர்ட்ல அத மறைக்காம எழுதுங்க.

ஒவ்வொரு தளத்துலயும் ரெண்டு பீரோ வைங்க, ஒண்ணு சும்மா, இன்னொண்ணு பின்னாடி ஒரு சுவத்துப் பலகையில மேல் பக்கமா சின்ன எல் கிளாம்ப் போட்டு. அடியில அதே ஆட்டம், ஆனா மேல் மாடி பீரோ விழும், கீழ் மாடி பீரோ அசையாம நிக்கும், பக்கத்துலயே கிளாம்ப் போட்டதும் நிக்கும். ஒரே தடவை பாத்து முடிவு பண்ணாதீங்க, கட்டை வெக்கிற இடம் ஒரு மயிரிழை மாறினாலும் ரிசல்ட் மாறும், அஞ்சு தடவையாவது திருப்பி செஞ்சு எத்தனை தடவ விழுந்துச்சுன்னு எழுதுங்க. சக்கரம் வெச்ச சாமான் ஒண்ணும் வைங்க. இ-டிஃபென்ஸ்ல ஆஸ்பத்திரி மாதிரி ரூம் செஞ்சு ஆட்டினப்போ லாக் போடாத சக்கரம் வெச்ச கருவிங்க ரூம் பூரா ஓடுச்சு.

மேல் தளத்துல தண்ணி டேங்க். 12 செ.மீ. நீளம் இருக்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பாவுல 6 செ.மீ. தண்ணி, கொஞ்சம் கலர் பவுடர். அந்த தண்ணி அலையோட சொந்த ஃப்ரீக்வன்சி 2.4 ஹெர்ட்ஸ், பில்டிங் 3.1க்கு போறதுக்கு முன்னாடியே தண்ணி தளும்ப ஆரம்பிக்கும். தண்ணியோட எடையையும் தளத்து எடைக் கணக்குல கழிச்சுக்குங்க.

கடைசியா ஒரு டெஸ்ட் கட்டாயம் செய்யணும். மேல் ரெண்டு மாடிக்கு மட்டும் குறுக்க கெட்டி அட்டை ஒட்டி சுவர் இருக்கிற மாதிரி பண்ணுங்க, கீழ் மாடிய கார் பார்க்கிங் மாதிரி காலியா விடுங்க. நூல் டெஸ்ட் பண்ணினா ஃப்ரீக்வன்சி 3.1லேர்ந்து 4 கிட்ட போயிருக்கும். நம்பர மட்டும் பாத்தா கட்டடம் பலமாயிடுச்சுன்னு தோணும். ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்க, முன்னாடி மேல் தளம் 10 மி.மீ. நகந்தா அதுல கீழ் மாடி பங்கு நாலரை மி.மீ., இப்ப கிட்டத்தட்ட முழு பத்தும் கீழ் மாடி தூணுங்க தலையில. 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்துல 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற அகமதாபாத்ல இந்த மாதிரி கீழ காலியா விட்ட அபார்ட்மென்ட்டுங்க இடிஞ்சு விழுந்து ஜனங்க செத்தாங்க. 2002ல சென்னையையும் நிலநடுக்க ஆபத்து வரைபடத்துல ஸோன் 2லேர்ந்து அதவிட ஆபத்து கூடின 3க்கு மாத்தினாங்க. நம்ம ஊர்ல எந்தத் தெருவுல போனாலும் ஸ்டில்ட் பார்க்கிங்தான், இந்த டெஸ்ட்ட பாத்த பசங்க வீட்டுக்குப் போறப்போ கீழ் தூண நிமிந்து பாத்துட்டுதான் போறாங்க.

வீடியோவுக்கு கேமராவ டேபிள் வெச்ச மேஜையில வைக்காதீங்க, தனி ஸ்டாண்டுல வைங்க. தளத்து ஓரத்துல கருப்பு வெள்ளை கட்டம் போட்ட டேப் ஒட்டி, பின்னாடி ஒரு ஸ்கேல நிறுத்தினா ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்தி அளக்கலாம், செகண்டுக்கு 240 ஃப்ரேம் இருந்தா நல்லது, 120ம் போதும்.

1940ல கலிஃபோர்னியாவுல எல் சென்ட்ரோ நிலநடுக்கத்துல பதிவானது மாதிரி நிஜ ரெக்கார்ட ஓட்டணும்னா இந்த மோட்டார் பத்தாது, ஸ்டெப்பர் மோட்டாரும் பால் ஸ்க்ரூவும் அத ஓட்ட ஆர்டுயினோ கன்ட்ரோல் போர்டும் வேணும். அப்பவும் ரெக்கார்டோட நேரத்த 3.9 மடங்கு சுருக்கி, இடப்பெயர்ச்சிய 15ல ஒரு பங்கா குறைச்சுதான் குடுக்கணும்.

எல்லாம் முடிஞ்சதும் தூணுங்கள கழட்டி சமதளமான கண்ணாடி மேல வெச்சுப் பாருங்க. அடியில காத்து தெரிஞ்சா வளைஞ்சிருக்கு, தட்டி நிமித்தி திரும்ப போடாதீங்க, புதுப் பட்டை வெட்டிட்டு மறுபடியும் நூல் டெஸ்ட்லேர்ந்து ஆரம்பிங்க.