மைக்கை எந்த ஜாக்கில் செருகுவது, எந்த மைக்கை எதற்கு எடுப்பது

மைக் வாங்கும்போது அதன் பின்பக்கம் என்ன ஜாக் இருக்கிறது, அதை இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) எங்கே செருகப்போகிறோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்டுடியோ மைக்குகளில் பெரும்பாலும் எக்ஸ்எல்ஆர்தான். மூன்று பின்: 1 கிரவுண்ட், 2 சிக்னல், 3-இல் அதே சிக்னல் தலைகீழாக. வழியில் புகும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும், இன்டர்ஃபேஸோ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் இரைச்சல் அடிபட்டுப்போய் குரல் மட்டும் மிஞ்சும். நீளமான கேபிளிலும் சத்தம் சுத்தமாக வருவது இதனால்தான்.

அப்புறம் 6.35 மில்லிமீட்டர் ஜாக். முனையில் ஒரு கறுப்பு வளையம் இருந்தால் டிஎஸ், இரண்டு இருந்தால் டிஆர்எஸ். கிட்டார் கேபிள் டிஎஸ்; அதில் இந்த இரைச்சல் தடுப்பு கிடையாது, எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. எலெக்ட்ரிக் கிட்டாரை நேராகச் செருகினால் இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கென்று இருக்கும் ஹை-இசட் பட்டனை அழுத்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சத்தம் மழுங்கிவிடும்.

காம்போ ஜாக்கில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். இரண்டு பிளக்கும் ஒரே துளையில் போகும், ஆனால் உள்ளே பாதை வேறு. ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறுமுனை டிஆர்எஸ் உள்ள கேபிளில் மைக்கை மாட்டினால், பல இன்டர்ஃபேஸ்களில் அது கீபோர்டு போன்றவற்றின் பலத்த சிக்னலுக்கான லைன் இன்புட்டுக்குப் போய்விடும்: சத்தம் சன்னமாக வரும், இன்டர்ஃபேஸ் மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமும் போகாது. அந்த மின்சாரத்தில் இயங்கும் கண்டென்சர் மைக் என்றால் பேசவே பேசாது. இரண்டு முனையும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிளே வாங்குங்கள்.

கண்டென்சருக்கு அந்த 48 வோல்ட், அதாவது ஃபேன்டம் பவர், கட்டாயம். முதலில் ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் வால்யூமைக் குறைத்து, மைக்கைச் செருகி, பிறகு 48-ஐப் போடுங்கள். கழற்றும்போது 48-ஐ அணைத்துச் சில நொடி விட்டுக் கழற்றுங்கள். ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்குகளுக்கு இது தேவையில்லை. டிரம், கிட்டார் ஆம்ப் மாதிரி பலத்த சத்தத்தையும் தாங்கும், ஆனால் மெல்லிய குரலுக்கு கெயினை (இன்டர்ஃபேஸ் சிக்னலைப் பெருக்கும் அளவு) நன்றாக ஏற்ற வேண்டும். ரிப்பன் மைக்கில் இருப்பது மிக மெல்லிய அலுமினியத் தகடு. கேபிளில் பின் மாறியிருந்தால் ஃபேன்டம் பவர் அதைக் கெடுத்துவிடும், அதனால் மைக்கின் கையேடு கேட்டாலொழிய 48-ஐப் போடாதீர்கள், ஊதியும் பார்க்காதீர்கள்.

எதிரொலிக்கிற அறைக்கு டைனமிக்தான் சரி என்பார்கள். என்னைக் கேட்டால் அதில் பெரும்பங்கு தூரத்துக்குத்தான். டைனமிக்கை வாயருகே பிடிக்கிறோம், கண்டென்சரைத் தள்ளி வைக்கிறோம். கண்டென்சரையும் ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவந்து, பாப் ஃபில்டர் (வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை) வைத்து, கெயினைக் குறைத்துப் பாடிப் பாருங்கள், அதிலும் எதிரொலி நன்றாகவே அடங்கும்.