மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தில் ஏறுவோருக்குச் சில குறிப்புகள்

மாமல்லபுரத்துக்கு வருவோரில் பலர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்ததோடு ஊர் திரும்பிவிடுகின்றனர். அவ்விரண்டையும் ஒருசேரக் காணக்கூடிய இடம், ஊரை ஒட்டிய பாறைக் குன்றின் மேல் நிற்கும் கலங்கரை விளக்கம். பாதுகாப்புக் காரணங்களால் பல ஆண்டுகள் மூடப்பட்டிருந்த இக்கோபுரம் 2011இல் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

ஏறுவதற்கு ஏற்ற நேரம் பிற்பகலே. கடல் கிழக்கே இருப்பதால் காலையில் மேலிருந்து பார்ப்பவருக்குக் கண் கூசும். கடற்கரைக் கோயில் நிழலுருவமாகத்தான் தெரியும். வெயில் மேற்கே சாய்ந்த பின்னர் அதே கோயிலின் இரு விமானங்களும் தெளிவாகப் புலப்படும். ஆனால் நுழைவுச்சீட்டு வழங்குவதைப் பொழுது சாய்வதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள் என்பதால், ஊருக்குள் வந்தவுடன் அன்றைய நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு மற்ற இடங்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்வது நல்லது. தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு இங்கே செல்லாது. கலங்கரை விளக்கம் வேறொரு துறையின் கீழ் வருவதால் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும்.

பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். தலசயனப் பெருமாள் கோயிலின் பின்புறம் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தை அடைந்து, அங்கிருந்து சாலை வழியாகத் தெற்கே போகலாம். அல்லது குன்றின் மீதுள்ள பாதையில் வராக மண்டபம், முற்றுப்பெறாத இராயர் கோபுரம் ஆகியவற்றைப் பார்த்தபடியே போய்ச் சேரலாம். நடக்க முடிந்தவர்கள் குன்றுப் பாதையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். கோடையில் பாறை கடுமையாகச் சுடும். தேய்ந்து வழவழப்பான இடங்களும் உண்டு. பிடிப்புள்ள செருப்பும் குடிநீரும் கட்டாயம் தேவை.

கோபுரத்தில் ஏறுமுன், அதன் அருகிலேயே பாறை உச்சியில் இருக்கும் ஓலக்கண்ணேசுவரர் கோயிலைப் பார்த்துவிட வேண்டும். 8ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கட்டுமானமான இதன் விமானத்தின் மேற்பகுதி இப்போது இல்லை. இதைப் பழைய கலங்கரை விளக்கம் என்றே ஊரார் சுட்டுவர். கப்பல்களுக்கு வழிகாட்ட இதன் மேல்தளத்திலேயே முன்பு விளக்கு வைத்திருந்தனர். 1887இல் இவ்வூரில் தொடங்கிய நவீன விளக்குப் பணிக்காகப் பின்னர் எழுப்பப்பட்டதுதான் இன்றைய வட்டவடிவக் கருங்கல் கோபுரம். ஒரே பாறையில் இரண்டும் அருகருகே நிற்பதைக் கண்டுவிட்டு மேலே போனால், ஏறும் இடத்தின் அருமை நன்கு விளங்கும்.

கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 26 மீட்டர். உள்ளே சுவரை ஒட்டிச் சுழன்று செல்லும் படிக்கட்டில் நிதானமாக ஏறினால் மூச்சு வாங்காது. உண்மையான சிரமம் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே செங்குத்தான ஒடுங்கிய ஏணியில் ஏறி, குனிந்து, சிறிய திறப்பின் வழியாக வெளிச்சுற்றுக்கு வர வேண்டும். இரண்டு கைகளும் தேவைப்படும் என்பதால் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, பையை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் இறங்கி முடிக்கும் வரை கீழே காத்திருங்கள். இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி, முதுகை வெளிப்புறம் காட்டி இறங்குவதே பாதுகாப்பானது. புடவை, வேட்டி அணிந்தவர்கள் கொசுவத்தைச் செருகிக்கொண்டு ஏற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களும் உயரத்தில் தலைசுற்றல் வருபவர்களும் இந்த ஏணியைத் தவிர்த்துவிடுவதே நல்லது. அவர்களுக்குச் சென்னை மெரினாவில் மின்தூக்கியுடன் கூடிய கலங்கரை விளக்கம் இருக்கிறது.

வெளிச்சுற்றில் காற்று பலமாக வீசும். தொப்பியையும் மூக்குக்கண்ணாடியையும் பிடித்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடற்கரைக் கோயில், தெற்கே ஐந்து ரதங்கள், மேற்கே பக்கிங்காம் கால்வாய் என ஒரு சுற்று வந்தால் ஊரின் அமைப்பு முழுவதும் பிடிபடும். காலடியில் கிடக்கும் குன்றையும் குனிந்து பாருங்கள். கீழே நடக்கும்போது தனித்தனியாகத் தோன்றிய மண்டபங்கள் யாவும் ஒரே பாறைத்தொடரில் குடையப்பட்டவை என்பது இங்கிருந்துதான் தெளிவாகும். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருப்பதை முன்னிட்டுப் படமெடுக்கக் கட்டுப்பாடு இருந்த காலமும் உண்டு. பணியாளரிடம் கேட்டுக்கொண்டே கேமராவை எடுங்கள்.

இறங்கிய பின்னர், ஓலக்கண்ணேசுவரர் கோயிலுக்கு நேர் கீழே இருக்கும் மகிடாசுரமர்த்தினி மண்டபத்துக்குச் செல்லுங்கள். ஒரு சுவரில் பாம்பணையில் துயிலும் திருமால், எதிர்ச்சுவரில் சிங்கத்தின் மீதமர்ந்து வில்லை வளைக்கும் துர்க்கை. அவள் முன்னே எருமைத்தலை அசுரன் கதாயுதத்தைப் பிடித்தபடி பின்வாங்கிச் சாய்ந்து நிற்கிறான். இதற்கென அரை மணி நேரமாவது மீதம் வைத்துக்கொண்டு கோபுரத்திலிருந்து இறங்குங்கள்.