சொந்தமாகத் தொழில் செய்யும் மெக்கானிக் தம் மணிக்கூலியைக் கணக்கிடுவது எப்படி

சிங்கப்பூரில் பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ பல ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்த்தபின் தனியாகத் தொழில் தொடங்கும் மெக்கானிக், பெரும்பாலும் பக்கத்துப் பட்டறையில் என்ன கூலி வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதைவிடப் பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைத்துக் கேட்கிறார். பக்கத்துப் பட்டறைக்காரரின் வாடகையும் கடனும் நமக்குத் தெரியாதபோது அவருடைய கூலி நமக்கு அளவுகோலாகாது. அவரோடு பேசி ஒரே கூலியாக வைத்துக்கொள்வதற்கும் வழியில்லை; போட்டித்தன்மைச் சட்டம் அதைத் தடை செய்கிறது.

ஆகவே சொந்தக் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும். மாதம் 4,500 வெள்ளி வருமானம் வேண்டுமென்றால் ஆண்டுக்கு 54,000. சம்பளத்தில் இருந்தபோது, 55 வயது வரை, முதலாளி தம் பங்காக 17 விழுக்காடு மத்திய சேமநிதியில் போட்டார். இனி அது கிடையாது. மாறாக, ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினாலே, சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென இருக்கும் மெடிசேவ் கணக்குக்குப் பணம் கட்ட வேண்டும். இந்த வருமானத்தில் நாற்பது வயதுக்காரருக்கு அது 9 விழுக்காடு, அதாவது 4,860 வெள்ளி. அதுவும் இந்த 54,000-க்குள்ளிருந்தே போகும். இடவாடகை மாதம் 1,500 என்றும், கருவிகள், காப்புறுதி, கழிவு எண்ணெயை எடுத்துச் செல்லும் உரிமம் பெற்ற நிறுவனத்துக்கான கட்டணம், தொலைபேசி முதலியவை ஆண்டுக்கு 9,000 என்றும் வைத்துக்கொண்டால் செலவு 27,000. ஆக, 81,000 வெள்ளி வந்தாக வேண்டும்.

இதை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வாரம் 44 மணி நேரம், ஆண்டுக்கு 48 வாரம் என்றால் 2,112 மணி; வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 38 வெள்ளி. ஆனால் உதிரிபாகம் வாங்க ஓடுவது, தொலைபேசியில் விலை சொல்வது, 'ஒரு சத்தம் மட்டும் கேட்டுப் பாருங்கள்' என்று வருபவருக்காகக் கையைத் துடைத்துக்கொண்டு எழுவது ஆகியவற்றுக்கு யாரும் பணம் தருவதில்லை. கூலி கிடைக்கும் நேரம் 60 விழுக்காடு என்றால் அது 1,267 மணிதான். கூலி 64 வெள்ளியாகிறது. 38 வெள்ளியே வாங்கினால் செலவு போக மாதம் சுமார் 1,760 வெள்ளிதான் மிஞ்சும். உங்கள் விழுக்காடு வேறாக இருக்கலாம். நான்கு வாரத்துக்கு ஒரு நோட்டில், ஒவ்வொரு வண்டிக்கும் சாவியை வாங்கிய நேரம், லிஃப்டில் ஏற்றிய நேரம், கை வேலையை விட்ட நேரம் ஆகியவற்றைக் குறித்து வந்தால் அது தெரிந்துவிடும்.

வாடிக்கையாளருக்கு மணிக்கணக்கைவிட வேலைக்கணக்கே பிடிக்கும். முன்பக்க பிரேக் பேட் மாற்ற ஒரு மணி நேரம் என்றால் 64 வெள்ளி என்று முன்கூட்டியே சொல்லலாம். கழற்றும்போது, பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் ஊசி (pin) துருவேறி இறுகியிருந்தால், வேலையை நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, கூடுதல் கூலியைச் சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகே தொடர வேண்டும். மின்கோளாறைத் தேடுவதற்குத் தனிக்கட்டணம் வையுங்கள். தேடுவதுதான் அங்கே வேலையே. ஆனால், மூன்று மணி நேர வேலை அந்த மாடல் நமக்குப் புதிது என்பதால் ஐந்து மணி நேரம் இழுத்தால், மூன்றுக்கே வாங்க வேண்டும். நாம் கற்றுக்கொண்டதற்கு அவர் ஏன் பணம் தர வேண்டும்?

ரசீதில் உதிரிபாகத்தையும் கூலியையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாதவர் அந்த 9 விழுக்காட்டு வரியை வசூலிக்கக் கூடாது. ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். 'அண்ணே, நம்ம ஆளுதானே, பார்த்துப் போடுங்க' என்பவருக்குக் குறைக்க மனமிருந்தால், முழுக் கூலியை எழுதி அதன் கீழே தள்ளுபடி என்று தனியாகக் கழியுங்கள். வெறும் 50 என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை அவர் 50-லிருந்துதான் பேரம் பேசுவார்.