ஒன்றரை அங்குலச் சுவர்

பர்மாவில் உள்ள பெகுவில் மூன்று தலைமுறையாகக் கொத்தனார் வேலை எங்களுக்கு. 1930 மே 5 பூகம்பத்தில் எங்கள் ஊர்ப் புத்தர் கோயிலான ஷ்வேமோடோ பகோடாவே சரிந்ததைச் சொல்லி, செங்கல் சுவரோரம் படுக்க விடமாட்டார் தாத்தா. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் மண்டலே குலுங்கியதிலிருந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் கம்பிவலைக்குள் சிமெண்ட் கலவை திணித்துக் கட்டும் மெல்லிய சுவரைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர அடிக்கு சுமார் 40 கிலோ. இங்கத்திய கணக்கில் 25 வீசை. கம்பிவலை வைத்த ஒன்றரை அங்குலச் சுவர் 9 கிலோதான். எடை குறைந்தால் பூகம்பம் இழுக்கும் இழுப்பும் குறையும். மாடி இல்லாத, தகரக் கூரை போட்ட சின்ன வீட்டுக்குத்தான் இந்த முறை. மாடி வேண்டுமென்றால் இன்ஜினியரைப் பாருங்கள்.

அஸ்திவாரத்தின் மேல் சுற்றிவர கான்கிரீட் பெல்ட் (கம்பி வைத்த பட்டை) போடும்போதே சுவருக்கான கம்பிகளை நட்டுவிடுங்கள். மூலைகளிலும் எட்டு அடிக்கு ஒன்றாகவும் தூண். இடையில் 6 மில்லி கம்பியை அடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, இரண்டு பக்கமும் அரை அங்குலக் கோழிவலை இரண்டு மடிப்பு. வலையை மூலையில் வெட்டாதீர்கள், சுற்றிக் கொண்டுபோங்கள். வலையில் ஒட்டு வந்தால் ஒன்றின் மேல் ஒன்று நான்கு அங்குலம் ஏறட்டும். ஜன்னல் மூலைகளில் சாய்வாக ஒரு கம்பி கூடுதலாக. விரிசல் முதலில் அங்கேதான் தலைகாட்டும். சுவர்த்தலையிலும் சுற்றி ஒரு பெல்ட்.

கலவைதான் உயிர். சிமெண்ட் ஒன்றுக்குச் சலித்த ஆற்று மணல் இரண்டு. 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் 20 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்கணும். உள்ளங்கையில் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் வழியக் கூடாது. உள்ளே ஒருவர் பலகையை அண்டக் கொடுக்க, வெளியே இருப்பவர் கரண்டியால் வலைக்குள் அழுத்தித் திணிக்கணும். சும்மா பூசினால் உள்ளே பொந்து விழும். மறுநாள் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக்கென்று கேட்டால் அந்த இடத்தைக் கொத்தி மறுபடி திணியுங்கள்.

அப்புறம் 14 நாள் ஈரச்சாக்கு. என் முதல் சுவரை ஏப்ரலில் பூசிவிட்டு திங்யான் கொண்டாடப் போய்விட்டேன், தண்ணீர் ஊற்றி விளையாடும் பர்மியப் புத்தாண்டு அது. தெருவெல்லாம் தண்ணீர், என் சுவருக்கு மட்டும் ஒரு சொட்டு இல்லை. திரும்பி வந்து பார்த்தால் முடிமுடியாய் வெடிப்பு.

பூசிய பிறகு ஆணி அடிக்காதீர்கள். சாமி படம், காலண்டர் எங்கே என்று வீட்டம்மாவிடம் முன்னாடியே கேட்டு, வலையோடு கொக்கி கட்டிவிடுங்கள்.